மேற்பலகையிலிருந்து இறங்கும் காலம்: ஓர் ஆராய்ச்சி

1. ஆராய்ச்சியின் அவசியம்

பின்லாந்து தேசத்தைப் பற்றி ஆராயப் புகுந்த அறிஞர்கள், அந்நாட்டின் ஏரிகளை ஒன்று விடாமல் எண்ணி 1,87,888 என்று கணக்குச் சொல்லியிருக்கிறார்கள். சுமார் 55 லட்சம் ஜனங்கள் வாழும் அந்நாட்டில் சௌனா என்னும் நீராவிக் குளியலறைகள் மட்டும் 30 லட்சம் இருக்கலாமென்று மதிப்பிட்டிருக்கிறார்கள். யுனெஸ்கோ ஸ்தாபனமோ 2020 டிசம்பரில் அக்குளியல் வழக்கத்தை மனித குலத்தின் பண்பாட்டுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்துக் கௌரவித்திருக்கிறது. இவ்வளவு சிரமம் எடுத்துக்கொண்டவர்கள், அக்குளியலறையில் முதன்முதலாக மேற்பலகையில் ஏற்றி உட்காரவைக்கப்பட்ட அந்நியன் ஒருவன், தன் மானத்துக்கும் தன் ஜன்மபூமியின் மானத்துக்கும் பங்கம் நேராமல், எத்தனை நிமிஷத்துக்குப் பின் கீழே இறங்கலாம் என்ற ஒரு சின்னக் கேள்வியை மட்டும் விசாரிக்காமல் விட்டதற்குக் காரணம், அவர்களெல்லோரும் கீழ்ப்பலகையில் அமர்ந்து ஆராய்ந்தவர்களாக இருக்க வேண்டும் என்பதே என் அனுமானம்.

அக்குறையை நிவர்த்திக்க எழுந்தது இக்கட்டுரை. சௌனா என்ற சொல்லைச் சௌக்கியம் என்பதன் முதலெழுத்தோடு உச்சரிக்க வேண்டும். சௌக்கியத்தோடு அதற்கு உச்சரிப்புக்கு மேற்பட்ட சம்பந்தம் உண்டா என்பது போகப் போகத் தெளியும்.

2. காலமும் இடமும்

உத்தியோக நிமித்தம் தாம்பெரே நகரில் குடியேறி ஐந்து மாதம் ஆகியிருந்த என்னை, உடன் பணிபுரியும் நண்பர் ஒருவர், யுஹன்னுஸ் திருநாளை ஒட்டிய மூன்று நாள் விடுமுறைக்கு, மிக்கேலி நகருக்கு அப்பால் சைமா ஏரிக்கரையிலிருந்த தம் மாமனாருடைய மரக்குடிலுக்கு அழைத்தார். யுஹன்னுஸ் என்பது யோவான் என்னும் பெயரின் திரிபு. முன்னாளில் ஜூன் 24ஆம் தேதி எந்தக் கிழமையில் வந்தாலும் அன்றே கொண்டாடிவந்த இத்திருநாளை, 1955 முதல் ஜூன் 20க்கும் 26க்கும் இடையே வரும் சனிக்கிழமைக்கு மாற்றிக்கொண்டார்கள். திருநாளுக்குரிய அந்த யோவானைத் தமிழ் விவிலியம் ‘ஸ்நானகன்’ என்று மொழிபெயர்த்திருப்பதை இங்கே கவனிக்க வேண்டும். ஸ்நானகன் பெயரால் வரும் விழாவில் ஸ்நானமே பிரதானமாயிருப்பதைத் தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் தூரதேசத்திலிருந்தே உணர்ந்துவிட்டார்கள் போலும்.

சனிக்கிழமை என்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. அம்மொழியில் சனிக்கிழமைக்கு லௌவன்தாய் என்று பெயர். குளிக்கும் நாள் என்று பொருள்படும் பழைய ஸ்காந்திநேவியச் சொல் ஒன்றே அங்ஙனம் திரிந்தது என்பர் மொழி நூலார். சனிக்கிழமைதோறும் எண்ணெய் தேய்த்துக்கொள்ளும்படி ஔவையார் சொன்னதாகப் பாட்டியிடம் கேட்டு, கண்ணெரிச்சலோடு வளர்ந்த எனக்கு, பனிநாட்டுப் பாட்டிமாரும் அதே கிழமையில் அதே கண்டிப்போடு பேரன்மாரைத் துரத்தியிருப்பார்கள் என்ற எண்ணம் ஆறுதலளித்தது.

குடில் வாசலின் இருபுறமும், கல்யாண வீட்டு வாழை மரங்களைப்போல, இளம் பிர்ச் மரங்களை வெட்டி நட்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்குக் கொடியேற்றினார்கள். மறுநாளிரவு 9 மணிவரை அது இறங்காது. அந்த ஓரிரவு கொடி கம்பத்திலேயே தங்க அனுமதி உண்டு. இரவென்று சொன்னேனே தவிர, சூரியன் 11 மணிக்குச் சற்று முன்பு மரங்களுக்குப் பின்னால் போய் மறைந்ததாகப் பாவனை செய்துவிட்டு, நான்கு மணிக்குள் ஒன்றும் அறியாதவன்போல் திரும்பி வந்துவிட்டான். ஏரிக்கரையில் பெரிய விறகுக் குவியலுக்குத் தீ மூட்டி, போகிக்குக் கூடுவதுபோல் எல்லோரும் கூடி நின்றார்கள். போகியிலுள்ள கூச்சல் மட்டும் இல்லை. கன்னிப் பெண்கள் ஏழு வகைப் பூக்களைப் பறித்துத் தலையணையின் கீழ் வைத்துறங்கினால் வருங்கால மணாளன் கனவில் வருவான் என்பதும் இத்திருநாளின் ஐதிகங்களுள் ஒன்று.

ஆராய்ச்சிக்குரிய பாத்திரங்கள் நால்வர்: குடிலுக்குரிய முதியவர், அவருடைய மருமகனாகிய என் நண்பர், நண்பரின் பத்து வயது மகன், நான். மாமனாருக்கும் மருமகனுக்கும் நிலவிய ஒரே மனஸ்தாபம், குளிக்கும்போது உடம்பில் அடித்துக்கொள்ளும் பிர்ச் இலைக் கொத்தைப் பற்றியது. மேற்குச் சீமையில் பிறந்த மருமகன் அதை விஹ்தா என்பார். கிழக்குச் சீமையினரான மாமனாருக்கு அது வஸ்தா. அச்சொற்போரில் நான் நடுநிலை வகித்து, எங்கள் ஊரில் வேப்பிலையால் அடிப்பார்கள், ஆனால் பிறர் அடிப்பார்கள், அதுவும் பேய் பிடித்தவர்களை மட்டுமே என்று சொல்லி வைத்தேன்.

3. ஒரு துணை நிகழ்ச்சி

ஆராய்ச்சிக்குப் புறம்பானதுபோல் தோன்றினும், பின்னால் வரப்போகும் அனர்த்தங்களுக்கெல்லாம் வித்தாக அமைந்த ஒன்றை இங்கே பதிவு செய்வது கடமை. வெள்ளிக்கிழமை பிற்பகல் காப்பியோடு புல்லா என்னும் ரொட்டி வந்தது. அதன் மாவில் ஏலக்காய் இடித்துச் சேர்ப்பார்கள். நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறந்த ஏலக்காய், ஐந்து மாதத்துக்குப்பின், அடுப்பிலிருந்து இறங்கிய சூட்டோடு, என் மூக்கருகே வந்து நின்றபோது, நாவில் ஊறிய நீரை விழுங்கிக்கொண்டு நான் சொன்ன சொல், ‘வேண்டாம், பரவாயில்லை’ என்பது.

இதைத் தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை. பந்தியில் இலையின்மேல் குனிந்து, இரு கைகளையும் குவித்து மறைத்து, ‘போதும், போதும்’ என்று கதறுவதற்கு, ‘இன்னும் இரண்டு கரண்டி’ என்று பொருள் கொள்வது நம் மரபு. முதல் மறுப்பு மரியாதைக்கு, இரண்டாவது பழக்கத்துக்கு, மூன்றாவதே பசிக்கு. பரிமாறுபவரும் அதையறிந்து கையின் இடுக்கு வழியாகவே வார்த்துவிடுவார். ஆனால் நண்பரின் மாமியார், நான் சொன்னதை நான் சொன்னபடியே நம்பி, தலையை அசைத்து, தட்டை அடுத்தவரிடம் நகர்த்திவிட்டார். தட்டு மேஜையைச் சுற்றிப் போயிற்று. காலியாகித் திரும்பி வந்தது. என் முன்னால் நிற்கவில்லை.

அன்றே ஒரு சங்கற்பம் செய்துகொண்டேன்: இத்தேசத்தில் எவர் எதைக் கொடுத்தாலும் முதல் தடவையிலேயே ‘யோ’ என்று சொல்லிவிடுவது. யோ என்பது நம் ஊரில் மரியாதை கெட்ட விளி; அங்கோ ‘ஆம்’ என்று பொருள்.

4. பூர்வபட்சம்

நான் வேலூரில் பிறந்தவன். கத்திரி வெயிலில் அவ்வூர்ப் பாறைகளின்மேல் விளையாடிய கால்கள் என்னுடையவை. சென்னையில் வெப்பம் 45 டிகிரியைத் தொட்ட 2003ஆம் வருஷத்து மே மாதத்தில் குடையில்லாமல் நடந்து பஸ் பிடித்தவன். ஆகவே, வெப்பம் என்பது எனக்கு வாய்த்த பிதுரார்ஜிதச் சொத்து, பனியில் வளர்ந்த இவர்கள் அதைக் கடன் வாங்கி அனுபவிக்கிறவர்கள், எனவே இவர்களெல்லோரும் இறங்கிய பின்னரே நான் இறங்குவேன் என்பதே ஆராய்ச்சியின் தொடக்கத்தில் நான் கொண்ட கொள்கை. இப்பூர்வபட்சம் நான்கே நிமிஷத்தில் கண்டனமாயிற்று.

5. முதற் பரிசோதனை

மரத்தாலான சிறிய அறை. மூலையில் கியுவாஸ் என்னும் அடுப்பு. அதன்மேல் குவித்த கருங்கற்கள். எதிரே படிக்கட்டுபோல் மூன்று பலகைகள். சூடான காற்று மேலே ஏறுவதால், கீழ்ப்பலகை சித்திரை மாதம், நடுப்பலகை அக்கினி நட்சத்திரம், மேற்பலகைக்கு நம் பஞ்சாங்கத்தில் பெயரில்லை. விருந்தாளிக்கு உரிய கௌரவ ஸ்தானம் மேற்பலகையே. திகம்பர விவகாரத்தைப் பற்றி எழுத நிறைய உண்டெனினும், கோவணத்துக்காக நான் முன்வைத்த வாதங்கள் எடுபடவில்லை என்பதோடு அதை நிறுத்துகிறேன். உஷ்ணமானி 90 டிகிரி காட்டியது. சுவரில் ஒரு மணற்கடிகாரம். முழுதும் இறங்க 15 நிமிஷம்.

வெப்பத்தின் அளவு வேறு, வேதனையின் அளவு வேறு. 90 டிகிரி நீரில் விரலை விட்டால் வெந்துபோகும். 90 டிகிரிக் காற்றிலோ மனிதன் உட்கார்ந்து குடும்ப விவகாரங்களை யோசிக்கலாம். காற்று வறண்டிருப்பதால் வியர்வை உடனுக்குடன் உலர்ந்து, உடம்பின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. ஆனால் கற்களின்மேல் ஒரு கரண்டி நீர் விழுந்ததும் நிலைமை தலைகீழாகிறது. எழும்பிய நீராவி, அறையிலுள்ள பொருள்களுள் எது மிகக் குளிர்ந்ததென்று தேடிச் சென்று, அதன்மேல் நீர்த்துளிகளாகப் படிந்து, தான் ஆவியானபோது உட்கொண்ட சூட்டையெல்லாம் அதன் தலையில் இறக்கிவைக்கிறது. அவ்வறையிலுள்ள பொருள்களுள் மிகக் குளிர்ந்தது, 37 டிகிரியில் உட்கார்ந்திருக்கும் விருந்தாளியே.

அங்ஙனம் எழும் ஆவிக்கு லோய்லு என்று பெயர். ஹங்கேரி நாட்டார் ஆன்மாவைக் குறிக்கும் லேலெக் என்ற சொல் இதற்கு உடன்பிறப்பாம். ஆதியில் இதற்கும் உயிர்மூச்சு என்பதே பொருளாம். தமிழிலும் ஆவி என்ற ஒரே சொல் நீராவியையும் உயிரையும் சுட்டுகிறது என்பதும், ஒன்று உள்ளே வர மற்றொன்று வெளியே போகத் துடிக்கும் என்பதும், முதற்கரண்டி விழுந்தபோதே எனக்குப் பிரத்தியட்சமாயின.

முதியவர் என் பக்கம் திரும்பி, ‘லிஸா?’ என்று கேட்டார். ‘இன்னும் கொஞ்சம்?’ என்று அர்த்தம். காலியான புல்லாத் தட்டு என் மனக்கண்முன் வந்து நின்றது. ‘யோ’ என்றேன்.

அடுத்த நிமிஷத்தில், தாகம் என்று ஜாடை காட்டி இறங்கிவிட்டேன். மணற்கடிகாரத்தின்படி மொத்தம் நான்கு நிமிஷம். இதற்கிடையே அந்தச் சிறுவன் மூன்று முறை வெளியே ஓடி, மூன்று முறை உள்ளே வந்தான் என்பதும், அதை ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்பதும் என் குறிப்பில் உள்ளன. ஆனால் பாலர் வழக்கு பிரமாணமாகாது என்று கருதி அத்தரவுகளை நீக்கிவிட்டேன். ஆராய்ச்சியாளர்கள் நீக்கிவிடும் தரவுகளில்தான் உண்மை உட்கார்ந்திருக்கும் என்பதை அப்போது நான் அறியேன்.

6. இரண்டாம் பரிசோதனையும் இடையே தோன்றிய கொள்கைகளும்

சனிக்கிழமை பகல் முழுவதும், புது உருளைக்கிழங்கையும் சதகுப்பைத் தழையையும் உண்டு, பீமா என்னும் அவ்வூர் மோரை நான்கு குவளை அருந்தி உடம்பைக் குளிர்வித்துக்கொண்டு, மாலையில் மறுபடியும் ஏறினேன். இம்முறை ஒன்பது நிமிஷம். முதியவர் ஐந்து முறை ‘லிஸா?’ என்றார், ஐந்து முறையும் ‘யோ’ என்றேன், ஐந்தாவதற்குப் பின், சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போய், படித்துறையிலிருந்து ஏரியில் விழுந்தேன். நீர் 16 டிகிரி. விழுந்த வேகத்திலேயே எழுந்து, சரீரமெங்கும் ஒரு விதமான சங்கீதம் கேட்க, இனி எவரோடும் எனக்கு விரோதமில்லை என்ற நிலையில் படித்துறையில் அமர்ந்திருந்தபோது, இவர்கள் மட்டும் இறங்காமலிருக்கும் மர்மம் என்ன என்று யோசித்து மூன்று கொள்கைகளை வகுத்தேன்.

முதலாவது, ராஜதந்திரக் கொள்கை. 1960இல் பின்லாந்தின் ஜனாதிபதி கெக்கோனென் தம் அறுபதாம் பிறந்தநாளுக்கு வந்திருந்த சோவியத் தலைவர் குருஷேவைத் தம் இல்லத்துச் சௌனாவுக்கு அழைத்துச் சென்று, விடியற்காலைவரை வைத்திருந்தாரென்பது சரித்திரம். வல்லரசின் தலைவரும் முதலில் இறங்கக் கூசியிருக்கக்கூடுமென்றால் வேலூர்க்காரன் எம்மாத்திரம்?

இரண்டாவது, சமயக் கொள்கை. சௌனாவில் கோயிலில் இருப்பதுபோல் இருக்க வேண்டுமென்பது அவர்கள் பழமொழி. பழங்காலத்தில் பிரசவம் பார்த்ததும் அங்கேதான். இறந்தவரைக் கடைசியாகக் குளிப்பாட்டியதும் அங்கேதான். பிறப்பும் இறப்பும் நடந்த இடத்தில் இடைப்பட்டவன் அவசரப்படலாகாது.

மூன்றாவது, மொழிக் கொள்கை. 1856இல் வெளியான தம் ஒப்பிலக்கண நூலில் கால்டுவெல் பாதிரியார், பின்லாந்து மொழியும் அடங்கிய ‘சித்திய’ இனத்து மொழிகளோடு திராவிட மொழிகளுக்கு உறவிருக்கலாமென்று எழுதினார். பிற்காலத்து அறிஞர்கள் அதை ஏற்கவில்லை. எனினும், நமக்குப் படம், பாடம், பட்டம் எப்படியோ, அவர்களுக்கு அப்படியே துலி என்றால் நெருப்பு, தூலி என்றால் காற்று, துல்லி என்றால் சுங்கம். குறிலும் நெடிலும் இரட்டித்த மெய்யும் பொருளை மாற்றுவதில் இரு மொழியும் சமர்த்து. குறில் நெடிலில் இவ்வளவு கண்டிப்பானவர்கள், குளியலின் மாத்திரையிலும் கண்டிப்பாக இருப்பார்கள் என்று அனுமானித்தேன்.

மூன்றும் பொய்த்தன. எங்ஙனமெனின், கூறுவேன்.

7. மூன்றாம் பரிசோதனை

சனிக்கிழமை இரவு, நண்பர் உறங்கப் போய்விட்டபின், முதியவரும் நானும் மட்டும் மேற்பலகையில் அமர்ந்தோம். மணற்கடிகாரம் கவிழ்க்கப்பட்டது. முதியவர் கரண்டியை எடுத்து, ‘லிஸா?’ என்றார். ‘யோ’ என்றேன். மணல் பாதி இறங்கியது. ‘லிஸா?’ ‘யோ.’ அவர் முகம் தக்காளியின் நிறத்தை அடைந்தது. என் முகம் எந்த நிறத்தை அடைந்ததென்பதை நான் பார்க்க முடியவில்லை, பார்த்தவரோ சொல்லும் நிலையில் இல்லை. அவர் பெருமூச்சு விட்டார், நானும் விட்டேன். அவர் கதவைப் பார்த்தார், நானும் பார்த்தேன். இருவர் பார்வையும் கதவில் சந்தித்து, வெட்கி, அடுப்புக்குத் திரும்பின. மணல் முழுவதும் இறங்கிற்று. இரண்டு தேசங்கள், ஒரு பலகை, இறங்குவாரில்லை.

அப்போது கதவு திறந்தது. சிறுவன் தலையை நீட்டினான். அவனுக்கு ஆங்கிலம் தெரியும். பாட்டி அனுப்பியதாகச் சொல்லித் தாத்தாவோடு ஏதோ பேசினான். தாத்தா, அம்மூன்று நாளில் அவர் பேசிய வாக்கியங்களுள் மிக நீண்டதொன்றைப் பேசினார். சிறுவன் என் பக்கம் திரும்பி மொழிபெயர்த்தான்:

“டாக்டர் பத்து நிமிஷத்துக்கு மேல் வேண்டாமென்றாரே, இன்னும் ஏன் உள்ளேயே இருக்கிறீர்கள் என்று பாட்டி கேட்கிறார். இவர் வெயில் நாட்டுக்காரர், எத்தனை தடவை ஊற்றினாலும் போதவில்லை, இன்னும் வேண்டுமென்கிறார், விருந்தாளியைத் தனியே விட்டு நான் எப்படி இறங்குவது என்கிறார் தாத்தா. நீங்கள் எப்போது இறங்குவீர்கள்?”

8. சித்தாந்தம்

இருவரும் ஒருவர்பின் ஒருவராக ஏரியில் விழுந்து, படித்துறையில் வந்தமர்ந்தோம். மங்காத அவ்விரவொளியில், சிறுவனைத் துபாஷியாக நடுவே வைத்துக்கொண்டு, புல்லாத் தட்டு தொடங்கி எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். நம் பந்தி மரபையும், இலையின்மேல் கைகுவிக்கும் முத்திரையையும், மூன்று மறுப்புகளின் இலக்கணத்தையும் அபிநயத்தோடு விளக்கினேன். முதியவர் வெகுநேரம் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, தம் பாட்டி காலத்தில் அங்கேயும் அப்படித்தான் என்றும், காப்பிக்கு அழைத்தால் உடனே எழுந்து வருபவனை நாகரிகமற்றவன் என்பார்களென்றும், அவ்வாறு பிகு செய்துகொள்வதற்குக் குர்சைலு என்று பெயரே உண்டென்றும், இப்போது அதற்கு யாருக்கும் நேரமில்லை என்றும் சொன்னார்.

ஆகவே பெறப்படுவது யாதெனின்: மேற்பலகையிலிருந்து இறங்குவதற்கென்று அவர்களிடம் காலநியமம் ஏதும் இல்லை. இறங்க வேண்டியவன் இறங்குகிறான், ஏற வேண்டியவன் ஏறுகிறான், சிறுவன் மூன்று தடவை ஓடுகிறான். நிமிஷங்களை எண்ணிக்கொண்டிருந்தவன், வேலூரிலிருந்து வந்த ஒருவனே. அவன் மரியாதைக்காக ‘ஆம்’ என்றான். அவர் மரியாதைக்காக அதை நம்பினார். அவனுக்காக அவரும், அவருக்காக அவனும், இருவரில் ஒருவருக்கும் வேண்டாத ஆவியில் வெந்தார்கள். சௌனாவின் கொடுமை என்று நான் குறித்து வைத்திருந்தவற்றில் 90 டிகிரி அடுப்பினுடையது; எஞ்சியதெல்லாம் மரியாதையினுடையது.

9. பின்னிணைப்பு

ஞாயிற்றுக்கிழமை காலை, ஊருக்குப் புறப்படுமுன் காப்பி வந்தது. புல்லாத் தட்டைக் கொண்டுவந்தவர் இம்முறை முதியவர். என் சங்கற்பம் நன்றாக நினைவிருந்தும், நாற்பது வருஷத்துப் பழக்கம் முந்திக்கொள்ள, ‘வேண்டாம், பரவாயில்லை’ என்று சொல்லிவிட்டேன். தட்டு நகரவில்லை. அவர் என் எதிரே நின்றபடியே, ‘லிஸா?’ என்றார். வேண்டாமென்று தலையை அசைத்தேன். மேஜையைச் சுற்றியிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். மாமியார் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தார். முதியவர், மிகுந்த பிரயாசையுடன், வழக்கமில்லாத பாரத்தைத் தூக்குபவர்போல், மூன்றாம் முறையாக, ‘லிஸா?’ என்றார்.

நான் இரண்டு எடுத்துக்கொண்டேன். மருமகன் திகைத்துப்போய் மாமனாரைப் பார்த்தார். தமக்கு எதையும் அவர் இரண்டாம் முறை கேட்டதில்லை என்றார்.